பால் தீய்ந்த வாசனை

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை, கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து நான் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கையில், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி படிகளில் வேகமாக இறங்கி வந்து, "பால் அடிப்பிடித்துத் தீய்ந்து மாடிவரைக்கும் நாறுகிறதே, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான், அடுக்களைக்கும் எனக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை என்பதும், அந்தப் பத்தடியையும் புகை நிரப்பியிருந்தது என்பதும், ஆயினும் என் மூக்கு அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதும் எனக்கு உறைத்தன. முந்தின இரண்டு நாட்களாக இலேசான காய்ச்சல் இருந்தது. ஜலதோஷம் இல்லை, மூக்கடைப்பும் இல்லை. மூச்சு இரு துவாரங்களிலும் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. எழுந்து சென்று பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றுமில்லை. காப்பிப் பொடியை முகர்ந்தேன், அதிலும் ஒன்றுமில்லை. பூஜை அலமாரியிலிருந்து கற்பூரத்தை எடுத்து மூக்கருகே பிடித்தபோது மாத்திரம் உள்ளே சில்லென்று ஒரு குளிர்ச்சி ஏறியது. ஆனால் அந்தக் குளிர்ச்சியோடு வாசனை என்பது வரவேயில்லை. (குளிர்ச்சியையும் காரத்தையும் உணர்த்துவது முகத்துக்கு வரும் வேறொரு நரம்பு, அதன் காரியம் கெடவில்லை.) கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்று யார் யாரையோ குறித்து வாழ்நாளெல்லாம் சொல்லியிருக்கிறேன், அந்தப் பிராணியின் அவஸ்தை இன்னதென்று அன்று ஒருவாறு விளங்கிற்று.

கொரோனாத் தொற்றில் உலகெங்கும் கோடிக்கணக்கான பேருக்கு ஏற்பட்ட அனுபவம் இது. மூக்கு அடைபடாமலே மணம் போய்விட்டதென்றால், மணத்தை உணரும் நரம்பணுக்களை அந்த வைரஸ் கொன்றுவிட்டது என்று அனுமானிப்பதே இயல்பு. வைத்தியர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஒரு திருடன் வீட்டுக்குள் புகுந்தான் என்று குற்றம் சாட்டுவதற்கு முன், அவன் புகுவதற்கு அந்த வீட்டில் கதவு உண்டா என்று பார்க்கவேண்டுமல்லவா? கொரோனா வைரஸ் நம் உயிரணுக்களுக்குள் நுழைய வேண்டுமானால், ஏ.சி.இ.-2 என்னும் புரதம் அவற்றின் மேற்பரப்பில் இருந்தாக வேண்டும்; அதுதான் கதவு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சந்தீப் தத்தாவின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இலேயே நாசியின் மேற்கூரையிலுள்ள உயிரணுக்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தபோது, மணத்தை உணரும் நரம்பணுக்களில் அந்தக் கதவைக் காணவில்லை. அவற்றைச் சுற்றி நின்று, அவற்றுக்கு ஊட்டமும் ஆதரவும் அளித்து, கழிவுகளை அகற்றிக் கொடுக்கும் தாங்கணுக்களில்தான் அது இருந்தது. அடுத்த ஆண்டில் பெல்ஜியத்து லூவென் நகரத்து ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும், அந்நோயால் இறந்தவர்களின் நாசித் திசுவை மரணத்துக்குப் பின் மிகச் சீக்கிரத்திலேயே எடுத்துப் பரிசோதித்து, வைரஸ் குடிகொண்டிருந்தது தாங்கணுக்களிலேதான், நரம்பணுக்களில் இல்லை என்று கண்டார்கள். அப்படியானால் வைரஸ் எட்டிப் பார்க்காத நரம்பணு ஏன் ஊமையாயிற்று? இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கப் போகிறது; ஆயினும் அதற்கு விடை காண நாம் சற்றே சுற்றுவழியாகத்தான் போகவேண்டும்.

மனித உயிரணு ஒன்றின் உட்கரு, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கும் தேறாத குறுக்களவுடையது. அதற்குள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, 46 குரோமோசோம்களாகப் பிரிந்து, ஹிஸ்டோன் எனப்படும் புரத உருண்டைகளின்மேல் நூற்கண்டுபோல் சுற்றப்பட்டு அடங்கியிருக்கிறது. புரதங்களைச் செய்வதற்கான மரபணுக்கள் அதில் சுமார் 20,000. கல்லீரலின் உயிரணுவிலும், கண்ணின் உயிரணுவிலும், நாசியின் நரம்பணுவிலும் இருப்பது அதே இழைதான். ஆனால் கல்லீரல் பார்ப்பதில்லை, கண் பித்தநீர் சுரப்பதில்லை. நம் பழைய வீடுகளில் பரண் என்று ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் மாத்திரம் வேண்டியிருக்கிற அண்டா, குண்டான், தவலைகளைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, அன்றாடம் புழங்கும் பாத்திரங்களை மாத்திரம் அடுப்படியில் கைக்கெட்டும்படி வைப்பார்கள். உயிரணுவும் அப்படியே குடித்தனம் நடத்துகிறது. தனக்கு வேண்டாத மரபணுக்களை இறுகச் சுற்றி, 'இதைத் தொடாதே' என்பதற்கு அடையாளமாக ஹிஸ்டோன்களின் வால்களில் சில இரசாயன முத்திரைகளைப் பதித்து உட்கருவின் ஒரு மூலையில் ஒதுக்கிவிடுகிறது. வேண்டியவற்றை அவிழ்த்து, படிப்பதற்குத் தோதாக விரித்து வைக்கிறது. ஆகவே ஓர் உயிரணு இன்னது என்று தீர்மானிப்பது அது உடைமையாகக் கொண்டுள்ள மரபணுக்கள் அல்ல, அவற்றில் எவை பரணில் இருக்கின்றன, எவை கீழே இருக்கின்றன என்ற ஏற்பாடே.

இந்த ஏற்பாட்டைப் பற்றிய சாஸ்திரம் பிறந்ததே வைரஸ்களின் புண்ணியத்தால்தான் என்பது பலருக்குத் தெரியாது. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில், ஆந்த்ரே லுவோஃப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், பாக்டீரியாவுக்குள் புகுந்த வைரஸ் சில சமயங்களில் தன் குணத்தைக் காட்டாமல் தலைமுறை தலைமுறையாகத் தூங்கிக்கிடப்பதேன் என்பதைப் பிரான்சுவா ஜாக்கப் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே கூரையின் கீழ் ழாக் மோனோ, பாலிலுள்ள சர்க்கரை கிடைத்தால் மாத்திரம் அதைச் செரிக்கும் நொதியைப் பாக்டீரியா செய்வதேன் என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1958-ஆம் ஆண்டுக் கோடையில், மனைவியோடு ஒரு சினிமாக் கொட்டகையில் அமர்ந்திருந்தபோது, இவ்விரண்டும் ஒரே விஷயந்தான், ஒரு தடைப்புரதம் டி.என்.ஏ.வின்மேல் உட்கார்ந்துகொண்டு மரபணுவை வாய்திறக்க விடாமல் வைத்திருக்கிறது என்று ஜாக்கப்புக்குப் பளிச்சென்று தோன்றிற்று. படத்தின் கதை அவர் மனத்தில் பதிந்திராது. ஆனால் அதிலிருந்து விளைந்தது 1961-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையும், மூவருக்கும் 1965-இல் கிடைத்த நோபல் பரிசும். தூங்கும் வைரஸ் ஒன்றுதான் நம் மரபணுக்களும் தூங்கும், எழும் என்பதை நமக்குக் கற்பித்தது.

உயிரணுவுக்குள் நுழைந்துவிட்ட வைரஸ்கள் இந்த ஏற்பாட்டைக் குலைக்கும் உபாயங்கள் அநேகம். நம் உயிரணு அனுப்பும் செய்தி ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றுக்கும் தலையில் ஓர் இரசாயனத் தலைப்பாகை உண்டு. அது இருந்தால்தான் புரதம் செய்யும் ரைபோசோம் அதை மதித்து வரவேற்கும். இன்ஃப்ளூயென்சா வைரஸ் அந்தத் தலைப்பாகையைத் தலையோடு சேர்த்து வெட்டியெடுத்துத் தன் செய்திக்குச் சூட்டிக்கொள்கிறது. போலியோ வைரஸுக்குத் தலைப்பாகையே வேண்டாம். ஆகையால் தலைப்பாகையை இனங்கண்டு வரவேற்கும் புரதக் குழுவில் ஒன்றைத் துண்டித்து, மற்றவர்களுக்கு வாசலை மூடிவிட்டுத் தான் புழக்கடை வழியாக நுழைகிறது. கொரோனா வைரஸோ ஒரு சிறு புரதத்தை அனுப்பி, ரைபோசோமுக்குள் செய்தி நுழையும் துளையிலேயே தக்கைபோல் செருகி வைக்கிறது. இவையெல்லாம் செய்தி எழுதப்பட்ட பிறகு நடக்கும் வழிப்பறி. இன்னும் சாமர்த்தியமான சில வைரஸ்கள் எழுதுமிடத்துக்கே போய்விடுகின்றன. இன்ஃப்ளூயென்சாவின் ஒரு வகையில், என்.எஸ்.1 என்னும் புரதத்தின் வால், ஹிஸ்டோனின் வாலைப்போலவே வேஷம் தரித்திருக்கிறது என்று 2012-இல் தெரியவந்தது. ஹிஸ்டோனைத் தேடி வரும் உயிரணுவின் பணியாளர் அந்தப் போலி வாலைப் பற்றிக்கொண்டு நின்றுவிட, வைரஸை எதிர்க்கவேண்டிய மரபணுக்கள் படிக்கப்படாமலே போகின்றன.

இவற்றிலெல்லாம் மிகப் பொறுமைசாலி எப்ஸ்டீன்–பார் வைரஸ். 1964-இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து வளர்த்த உயிரணுக்களில் மின்னணு நுண்ணோக்கியால் முதன்முதலாகக் காணப்பட்ட இது, உலகத்துப் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், எதிர்ப்பாற்றலுக்குரிய பி-உயிரணுக்களில் ஆயுள் முழுதும் சந்தடியில்லாமல் குடியிருக்கிறது. இதன் ஈ.பி.என்.ஏ.2 என்னும் புரதத்துக்கு டி.என்.ஏ.வைத் தொடும் சக்தி கிடையாது. ஆனால் ஊர்க் கணக்குப்பிள்ளையின் முத்திரையைக் கைப்பற்றியவனுக்குக் கையெழுத்துத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? உயிரணுவுக்குச் சொந்தமான, டி.என்.ஏ.வில் இடமறிந்து அமரும் ஒரு புரதத்தின் தோளில் இது ஏறிக்கொண்டு, அது போகுமிடமெல்லாம் போய், நூற்றுக்கணக்கான மனித மரபணுக்களை விழித்தெழச் செய்து, அந்த உயிரணுவை இடைவிடாமல் பெருகத் தூண்டுகிறது. லூபஸ் என்னும் நோய்க்கு ஆளாகும் அபாயத்தைக் கூட்டுவதாக ஐரோப்பிய வம்சத்தாரின் மரபணுத் தொகுதியில் முன்பே அடையாளம் காணப்பட்ட இடங்களில் ஏறக்குறையப் பாதியில் இந்தப் புரதம் போய் அமர்கிறது என்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். பரம்பரை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததில் எத்தனை பங்கு பாட்டன் கொடுத்தது, எத்தனை பங்கு வைரஸ் எழுப்பியது என்று பிரித்துச் சொல்வது அத்தனை சுலபமில்லை என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இவையெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளிகளின் அட்டகாசம். நம் மூக்கின் விஷயம் வேறு. அங்கே வைரஸ் பக்கத்து வீட்டுக்குத்தான் வந்தது.

மணத்தை அறிவதற்கென்று மனிதனுக்கு ஏறக்குறைய 400 மரபணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒருவகை ஏற்பிப் புரதத்துக்கு உரியது. இந்தப் பெருங்குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்ஸெல் ஆகிய இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆச்சரியம் என்னவென்றால், நாசியிலுள்ள ஒரு நரம்பணு இந்த நானூற்றில் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்துக் கொள்ளும். மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அதற்கு ஆயுள் முழுதும் பரணில்தான். ஒரே நரம்பணு மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் சேர்த்துக் குரல்கொடுத்தால் மூளைக்கு என்ன விளங்கும்? ஆகையால் இந்த ஏகபத்தினி விரதம் அவசியமே. அதை அது காப்பாற்றும் விதந்தான் விசித்திரமானது.

பல குரோமோசோம்களில் சிதறிக்கிடக்கும் அந்த மரபணுக்களையெல்லாம் நரம்பணு முதலில் இறுகச் சுற்றி, உட்கருவின் நடுவே ஒரே குவியலாகத் திரட்டிவிடுகிறது. பிறகு, எப்படியோ ஒன்று மாத்திரம் அந்தக் குவியலிலிருந்து நழுவுகிறது. நழுவினால் போதாது, அதைப் படிக்கச் செய்ய வேண்டும். மரபணுவின் குரலை உரக்கச் செய்வதற்கென்று டி.என்.ஏ.வில் ஊக்கித் தொடர்கள் என்று சில பகுதிகள் உண்டு. சாதாரண மரபணுவுக்குத் தன் குரோமோசோமிலேயே, அக்கம்பக்கத்தில் இருக்கும் ஓரிரண்டு ஊக்கிகள் போதும். இதற்கோ அவை போதா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டாவ்ராஸ் லோம்வார்டாஸ் என்ற கிரேக்கரின் குழுவினர் சுண்டெலியில் இத்தகைய ஊக்கிகள் அறுபதுக்கு மேல் இருப்பதைக் கண்டு, தாய்நாட்டு ஞாபகத்தினாலோ என்னவோ, அவற்றுக்குக் கிரேக்கத் தீவுகளின் பெயர்களைச் சூட்டினார்கள். வெவ்வேறு குரோமோசோம்களில் கிடக்கும் அந்தத் தீவுகள் பல ஒன்றுகூடி வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஒரு மரபணுவைச் சூழ்ந்துகொண்டால்தான் அது முழங்கும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதுதான்: சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து வடம் பிடித்தால் ஒரு தேர் அசையும், ஒருவீட்டு அண்ணன் தம்பிகள் மாத்திரம் பிடித்தால் அசையாது. அசைந்த பிறகு, பிறக்கும் ஏற்பிப் புரதமே 'தேர்வு முடிந்தது, இனி வேறொன்றும் வேண்டாம்' என்று உட்கருவுக்குச் சொல்லியனுப்பிவிடுகிறது.

இத்தனை பேர் ஓரிடத்தில் கூடியிருப்பதை நம்பி நடக்கும் காரியம், கூட்டம் கலைந்தால் என்னவாகும் என்பதே கேள்வி. 2020-இல் லோம்வார்டாஸின் குழுவும் நியூயார்க்கிலிருந்த பெஞ்சமின் டென்ஓவர் என்னும் வைரஸ் நிபுணரின் குழுவும் சேர்ந்து ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணிகளுக்கு அந்த நோயைத் தொற்றச் செய்து பார்த்தன. (சுண்டெலியின் கதவு அன்றைய வைரஸின் சாவிக்குத் திறவாது, ஹாம்ஸ்டரின் கதவு திறக்கும்.) உட்கருவுக்குள் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அறிவதற்கு நல்லதொரு உபாயம் உண்டு: உயிரணுவைப் பார்மால்டிஹைடில் ஊறவைத்தால் அருகருகே உள்ள இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு இழையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒட்டியிருக்கும் முனைகளைச் சேர்த்துத் தைத்து, எந்தத் துண்டோடு எந்தத் துண்டு சேர்ந்திருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படித்துக் கணக்கெடுத்தால், இலட்சக்கணக்கான ஜோடிகளிலிருந்து உட்கருவின் வரைபடம் எழும்பும். அப்படி எழும்பிய வரைபடத்தில், நோயுற்ற ஹாம்ஸ்டரின் நரம்பணுக்களில் அந்தப் பெருங்குவியல் கரைந்துபோயிருந்தது; குரோமோசோம்களுக்கு இடையே இருந்த ஒட்டுறவுகள் அறுந்திருந்தன. பரணே இடிந்து விழுந்தால் பாத்திரங்களெல்லாம் கீழே வந்து உருளவேண்டும், அதாவது நானூறும் ஒரே சமயத்தில் கூச்சலிடவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. கூச்சலிட வேண்டுமானால் வடம் பிடிக்க ஆள் வேண்டும். ஆட்களோ கலைந்து அவரவர் குரோமோசோமுக்குத் திரும்பிவிட்டார்கள். ஏற்பிகளும், அவை பிடித்த செய்தியை நரம்புக்குள் கடத்தும் மற்றப் புரதங்களும் ஒருங்கே குறைந்துபோயின. அந்நோயால் இறந்தவர்களின் நாசித் திசுவிலும் இதே ஏற்பிகளின் வறட்சியையும், இதே குலைவையும் அவர்கள் கண்டு 2022-இல் வெளியிட்டார்கள்.

வைரஸ் நுழையாத உட்கருவுக்குள் வைரஸின் கை எப்படி நீண்டது? அதே ஆய்வாளர்கள், நோயுற்ற ஹாம்ஸ்டர்களின் இரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, அதில் வைரஸ் ஏதேனும் இருந்தால் அது செயலற்றுப் போகும்படி புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, பிறகு ஆரோக்கியமான ஹாம்ஸ்டர்களுக்குச் செலுத்தினார்கள். நோயே வராத அவற்றின் நாசியிலும் ஏற்பி மரபணுக்கள் சோர்ந்தன. ஆகவே காரியத்தைச் செய்தது வைரஸ் அன்று. வைரஸைக் கண்டு அலறிய உடம்பின் அலறல். தாக்குண்ட உயிரணுக்கள் அக்கம்பக்கத்தாரை எச்சரிப்பதற்காகச் சரீரம் எங்கும் பரப்பும் சமிக்ஞைப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்ட மற்ற உயிரணுக்கள் தத்தம் அன்றாட வேலையை ஒதுக்கிவிட்டுத் தற்காப்பில் இறங்குகின்றன. ஓரிரண்டு ஊக்கிகளை நம்பிப் பிழைக்கும் சாதாரண மரபணுக்கள் இந்தக் கலவரத்தைத் தாங்கிவிடும். பல ஊர் ஜனங்கள் கூடினால்தான் நடக்கும் என்றிருந்த தேரோட்டம் முதலிலேயே நின்றுவிட்டது. தெருவில் தீ என்று யாரோ கத்தினால், வடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடாதவர் யார்?

இதை நான் படித்தது என் மூக்குத் திரும்பிய வெகுகாலத்துக்குப் பிறகு. அது திரும்பிய கதையும் நேரானதல்ல. ஐந்தாவது வாரத்தில் காப்பியின் வாசனை வந்தது. ஆனால் காப்பியின் வாசனையாக வரவில்லை. ரப்பரைக் கொளுத்தியதுபோல, சாக்கடையோரத்தில் எதையோ கருக்கியதுபோல ஒரு நாற்றம். டம்ளரைக் கையிலெடுக்க முடியவில்லை. "டிகாக்ஷன் நேற்றுப் போட்டதா?" என்று கேட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தார், இவ்விதமாக மணம் திரிந்து போனவர்களுக்குக் காப்பியின் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைத் தனித்தனியே முகரக் கொடுத்து, கந்தகம் கலந்த ஒருசில பொருள்களே பெரும்பாலும் அந்த அருவருப்பை உண்டாக்குகின்றன என்று கண்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான மூக்குக்குக் காப்பி காப்பியாக மணப்பதற்குக் காரணமானவையும் அவையே. மாதக்கணக்கில் மணம் திரும்பாதவர்களின் கதி இன்னும் பரிதாபம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் அப்படிப்பட்ட ஒன்பது பேரின் நாசித் திசுவைக் கிள்ளியெடுத்துப் பார்த்தபோது, வைரஸ் போய் வெகு நாளாகியும், எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த டி-உயிரணுக்கள் அங்கேயே முகாமிட்டிருந்தன. நரம்பணுக்களும் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. தீ அணைந்த பின்னும் தெருவில் கத்துகிறவன் ஓயவில்லை.

எனக்கு வைத்தியம் சொன்ன மருத்துவர் மாத்திரை ஒன்றும் எழுதவில்லை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹும்மெல் என்பவர் 2009-இல் பிரசுரித்த முறை ஒன்றைச் சொல்லி, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் என்னும் நான்கையும் காலையும் மாலையும் மூன்று மாதம் முகரச் சொன்னார். ஒரு தட்டில் பன்னீர் செம்பு, நறுக்கிய எலுமிச்சை மூடி, நான்கைந்து கிராம்பு, ஊட்டியிலிருந்து வந்த நீலகிரித் தைலக் குப்பி இவற்றை வைத்துக்கொண்டு, சந்தியாவந்தனத்தில்கூட நான் காட்டியிராத சிரத்தையோடு ஒவ்வொன்றாக முகர்ந்தேன். முதலில் வந்தது கிராம்பு. பல் வைத்தியர் அறையின் வாசனையாக வந்தது. எலுமிச்சை அதற்குப் பத்து நாள் கழித்து. நாசியின் நரம்பணுக்கள் நம் ஆயுள் முழுவதும் மாண்டு மாண்டு புதிதாகப் பிறப்பவை. ஒவ்வொரு புதிய நரம்பணுவும் நானூற்றில் ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்து, தன் நீண்ட வாலை மூளையில் அதற்குரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். என் மூக்கில் அந்தத் தேரோட்டம் எத்தனை இலட்சம் தடவை மறுபடியும் நடந்ததோ, நான் அறியேன்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது; மாடியிலிருந்தவள் இறங்கி வருமுன் எழுந்து போய் நான் அணைத்துவிட்டேன். ஆனால் பால் தீய்கிற வாசனையில் எங்கேயோ ஒரு சுருதி பிசகியிருந்தது. அது இன்றைக்கும் பழைய வாசனையாக இல்லை.